மியூவான் காட்டும் உள்ளமைப்பு

புத்தளம் உப்பளத்தில், கிடுகு மூடிய உப்புக் குவியலருகே கையை நீட்டுங்கள். விநாடிக்கு ஒன்று என்ற கணக்கில் மியூவான்கள் உள்ளங்கையைத் துளைத்துப் போகும். விண்வெளிக் கதிர்கள் மேல்வளியில் மோதிப் பிறக்கும் துகள்கள் இவை. குவியலையும் ஊடுருவும், தடித்த பொருளில் மட்டும் சில நின்றுவிடும். எந்தத் திசையில் எத்தனை தப்பி வருகின்றன என்று எண்ணினால் உள்ளமைப்பு தெரிந்துவிடும். எகிப்தின் கூஃபு பிரமிட்டுக்குள் குறைந்தது 30 மீற்றர் நீள வெற்றிடம் இருப்பது 2017இல் இப்படித்தான் வெளிப்பட்டது.

ஊட்டியின் கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கி முகிலையே அளந்தது. 2014 டிசெம்பர் 1 அன்று, இடிமுகிலின் மின்புலத்தால் மியூவான் எண்ணிக்கை இறங்கியது. தொலைநோக்கியின் 3,712 குழாய்கள் அந்த இறக்கத்தைப் பதிந்தன. கணக்கிட்டால், முகிலுக்குள் 130 கோடி வோல்ற்று! வெட்டாமல், துளைக்காமல் பார்க்கும் இந்த நேர்த்திக்குக் கதிரை வானமே தருகிறது; கருவியும் பொறுமையும் நம் பங்கு.