தூக்கிப் போடுவது தற்காப்பா?

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் அனுமதிச் சீட்டு வாங்கி டென்னிஸ் ஆட வருகிற பெரியவர் ஒருவரைப் பற்றித்தான் இந்த வாரம். மூலைக்கு விரட்டப்பட்டால் பந்தை வானத்துக்குத் தூக்கிவிடுவார், அதாவது லாப். வேலிக்கு வெளியே தங்கள் முறைக்குக் காத்திருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். அடிக்கத் தெரியாதவர், எதிராளி தப்புச் செய்யக் காத்திருப்பவர் என்பது அவர்கள் தீர்ப்பு. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை.

அவர் கால்களைப் பாருங்கள். பேக்ஹேண்ட் மூலையில், பக்கக் கோட்டுக்கு வெளியே நிற்கிறார். நேராக அடித்தாலும் குறுக்கே அடித்தாலும் அடுத்த பந்துக்குள் நடுவுக்குத் திரும்ப முடியாது. முக்கால்வாசி கோர்ட் திறந்து கிடக்கும். பந்தைத் தொடும் முன்பே இது அவருக்குத் தெரியும். கடைசி இரண்டு எட்டிலேயே ராக்கெட்டின் முகத்தை விரித்துவிடுகிறார். பந்து மேலே போய் இறங்குவதற்குள் நடந்தே நடுவுக்கு வந்துவிடுகிறார். இறங்கும் இடமோ, எதிராளியின் பேக்ஹேண்ட் பக்கம், பேஸ்லைனுக்கு ஓரடி உள்ளே. தப்பிக்க நினைப்பவர் இவ்வளவு கச்சிதமாகக் குறிபார்ப்பாரா?

தரையும் அவர் கட்சி. அங்குள்ள 30 கோர்ட்டுகளில் 26 பச்சை நிற ஹார்-ட்ரூ, அதாவது நொறுக்கிய கல்துகள் பரப்பியவை. 1975 முதல் 1977 வரை யு.எஸ். ஓப்பனே ஃபாரஸ்ட் ஹில்ஸில் இந்தத் தரையில்தான் நடந்தது. பந்து இங்கே வேகத்தை இழந்து செங்குத்தாக எழும்பும். 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் டென்னிஸ் பந்து 135 செ.மீ.யாவது எழ வேண்டும் என்பது விதி. அதைப்போல் இரண்டு மடங்கு உயரத்திலிருந்து விழுவது எவ்வளவு எழும்பும்? எதிராளி தலைக்கு மேல் பேக்ஹேண்ட் ஆட வேண்டும், இல்லையென்றால் வேலிவரை பின்வாங்க வேண்டும். கோடு தாண்டியது என்று சாதிக்கவும் வழியில்லை. நடுவர் இல்லாவிட்டாலும் மண்ணில் தடம் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கோர்ட்டை விட்டுத்தர வேண்டும் என்ற அவசரமும் அவரை எதிர்த்து ஆடும் இளைஞர்களைப் பிடித்து ஆட்டுகிறது. நாலாவது லாப்பிலேயே பொறுமை இழந்து வலையில் அடிக்கிறார்கள். அதை அவர்களுடைய பிழை என்று மட்டும் எழுதுவது அநியாயம். அந்தப் புள்ளியைக் கட்டியவர் இவர்.

இனி என்ன நடக்கும்? அக்டோபர் குளிரில் பந்து எழும்பாது, லாப்பின் பல் மழுங்கும். அப்போது இவர் ஸ்லைஸுக்கு மாறுவார் என்பது என் கணிப்பு. முழங்காலுக்குக் கீழே வழுக்கும் பந்தைக் குனிந்து எடுக்க அந்த இளைஞர்கள் தயாராக இல்லை. லாப் தரையில் படும்வரை காத்திராமல், இரண்டடி முன்னேறி அந்தரத்திலேயே வாலி அடிக்கும் துணிச்சல் ஒருவருக்கு வந்தால் இவருக்குச் சிக்கல்தான். அடுத்த சீசனில் அப்படி ஒருவர் வரக்கூடும். இந்த நவம்பரில் கோர்ட்டுகளை மூடும்வரை இவரை அசைக்க ஆளில்லை.