மேடைத் தமிழும் முந்திரிக்காட்டுத் தமிழும்

பட்டமளிப்பு விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலித்துவிட்டால் மொழிக்கும் மண்ணுக்கும் செய்யவேண்டிய மரியாதை முடிந்தது என்ற நினைப்பு நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. 2021 நவம்பரில் சென்னை ஐ.ஐ.டி. விழாவில் அது பாடப்படாதபோது எழுந்த கோபம் நியாயமானது. டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்ததும் சரியே. ஆனால் 55 விநாடியில் தீர்கிற கடனா இது?

1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகம் பட்டதாரிகளை அங்கியும் ஆங்கிலமுமாக வாழ்த்தியது. 1932இல் உ.வே.சா.வுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தபோது ஏட்டுத் தமிழுக்கு இடம் கிடைத்தது. பிறகு திராவிட இயக்கத்தின் அடுக்குமொழி. எல்லாம் அழகுதான், களை பறிக்கிறவள் பேசும் தமிழ் மட்டும் மண்டபத்துக்கு வெளியிலேயே நின்றது.

அதற்கு இலக்கியத்தில் பாய் விரித்தவர்கள் விருத்தாசலத்துப் பக்கத்துக்காரர்கள். 1988இல் வந்த த. பழமலய்யின் ‘சனங்களின் கதை’ உறவினரையும் ஊராரையும் அவர்கள் பேச்சோடே கவிதைக்குள் கொண்டுவந்தது. எழுதியவர் கல்லூரிப் பேராசிரியர்; படித்துப் போன பிள்ளை ஊர்ப்பேச்சை உதறாத அபூர்வம். 1994இல் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’. அவரது ‘செல்லாத பணம்’ பட்டத்தின் மீதே கைவைக்கிறது: பொறியியல் படித்த ரேவதி தீக்காயத்தோடு ஜிப்மரில் கிடக்கிறாள், வெளியே காத்திருப்பவர்களின் புலம்பலும் ஏச்சும்தான் நாவல். வாழ்த்துரைகள் இந்தப் பெண்ணின் பக்கம் திரும்புவதேயில்லை.

உச்சம் கண்மணி குணசேகரன். மணக்கொல்லைக்காரர், அரசுப் பேருந்துப் பணிமனை மெக்கானிக். ஆய்வேடுகள் மலைபோல் குவிந்த நாட்டில் இந்த வட்டாரப் பேச்சுக்கான ‘நடுநாட்டுச் சொல்லகராதி’யைத் தொகுக்க ஸ்பேனர் பிடித்த கைதான் வரவேண்டியிருந்தது! ‘அஞ்சலை’யில் முந்திரிக்காட்டுப் பேச்சு வசையோடும் அழுகையோடும் பக்கத்தை நிறைக்கிறது. ‘வந்தாரங்குடி’ நெய்வேலிச் சுரங்கத்துக்கு நிலத்தைக் கொடுத்தவர்களின் கதை. விருத்தாசலத்துப் பீங்கான் தொழில் வேர்பிடித்ததும் நெய்வேலிக் களிமண்ணை நம்பித்தான். இங்கே பீங்கான் தொழில்நுட்பம் படித்துப் பட்டயம் வாங்கும் பிள்ளை பிசைவது யாரோ இழந்த வயலின் அடிமண். பழங்கதையும் அல்ல: 2023 ஜூலையில் வளையமாதேவியில், அதே சுரங்கத்துக்காக, நெற்பயிர் நின்ற வயலுக்குள்ளேயே வாய்க்கால் வெட்டப் பொக்லைன் இறங்கியது.

நிலத்தை இழந்தவர்களை விழா மேடையில் நினைப்பது நடக்காத காரியமல்ல. கனடாப் பல்கலைக்கழகங்கள் விழா தொடங்கும்போது அந்த நிலத்தின் தொல்குடியைப் பெயர் சொல்லி நினைவுகூர்கின்றன. வெறும் சடங்கு, நிலம் திரும்பவில்லை என்ற முணுமுணுப்பு அங்கும் உண்டு. ஆனாலும் பெயரைச் சொல்கிறார்கள். நாமோ ‘தமிழ் மண்’ என்று பொதுவாகச் சொல்லித் தப்பித்துக்கொள்கிறோம். தோடர், கோத்தர், இருளர் போன்ற பழங்குடிகளின் பேச்சுகள் அந்தப் பொதுச்சொல்லுக்குள் மூச்சுமுட்டுகின்றன.

விருத்தாசலம் அரசுக் கலைக் கல்லூரிக்குக் கொளஞ்சியப்பர் பெயர். மணவாளநல்லூரில் சனங்கள் குறையைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டுவது அந்தச் சாமியிடம்தான். அவர் பெயர் தாங்கிய கல்லூரியின் விழாவில் சிறப்பு விருந்தினருக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியைக் குணசேகரனுக்குக் கொடுக்கலாம். அகராதியிலிருந்து நாலு பக்கம் வாசிக்கட்டும், சுரங்கத்துக்குப் போன ஊர்களின் பெயர்களையும் சேர்த்து.