குதிரும் செம்மண்ணும்

‘எங்கப்பன் குதிருக்குள் இல்லை’ என்று சொல்லிச் சிரிக்கிறவர்களில் பலர் குதிரைக் கண்ணால் கண்டவர்களல்லர் (இரண்டாம் வேற்றுமை உருபு ஏறியவுடனே அச்சொல் நாலுகால் பாய்ச்சலில் ஓடிவிடுவது தமிழின் குறும்பு). ஆயினும், கடன்காரனுக்கு அஞ்சிய ஒரு மனிதன் உள்ளே குந்தியிருக்க முடிந்தது என்பதிலிருந்து அதன் அளவை ஊகித்துக்கொள்ளலாம். களிமண்ணோடு பதரும் வைக்கோல் துணுக்கும் பிசைந்து, உறை உறையாக வனைந்து அடுக்கி, இணைப்புகளை மண்ணால் பூசி, அடியில் தானியம் எடுக்க ஒரு துவாரம் விட்டு அதைத் துணியால் அடைத்து, மேலே மூடியிட்டுச் சாணத்தால் மெழுகிய அந்தக் கலத்தைப் பற்றி இக்காலத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உலவுகின்றன. முன்னோர் செய்ததெல்லாம் விஞ்ஞானமே என்று பூரிக்கிறது ஒரு கட்சி. எலிக்கும் வண்டுக்கும் சத்திரம் கட்டிவைத்தார்கள் என்று நகைக்கிறது மற்றொன்று. இரு கட்சியாரும் பாத்திரத்தையே பார்க்கிறார்கள். தானியம் பிழைப்பதும் கெடுவதும், அது பாத்திரத்துக்குள் போவதற்கு முன்பே ஏறக்குறைய தீர்மானமாகிவிடுகிற விஷயம் என்பது என் எண்ணம்.

நெல்லில் நூற்றுக்கு 13 பங்குக்கு மேலும், பயறு வகைகளில் 10 பங்குக்கு மேலும் ஈரம் நின்றால் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் கொண்டாட்டம் என்று இன்று கருவி வைத்து அளந்து சொல்லுகிறோம். எங்கள் வீட்டு ஆச்சிக்குச் சதவீதம் தெரியாது. முற்றத்தில் காயும் நெல்லிலிருந்து நாலு மணியை எடுத்துப் பல்லில் வைப்பாள். ‘கடுக்’கென்று உடைந்தால் குதிருக்கு, நசுங்கினால் மறுநாளும் வெயிலுக்கு. அப்படிக் காய்ந்ததையும் வெயிற்சூடு ஆறுமுன் கொட்டவிடமாட்டாள். சூட்டோடு கொட்டினால் குதிர் வியர்க்கும் என்பாள். மெழுகிய மண்ணைவிட அந்தப் பல்லே தானியத்தைக் காத்தது என்பேன்.

துவரைக்குச் செம்மண் கட்டும் வழக்கத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். புகழும் குறையும் இத்தனை நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும் காரியம் வேறொன்றை நான் கண்டதில்லை. ஓர் இரவு ஊறிய துவரையைச் செம்மண் குழம்பில் புரட்டி, குவித்து மூடிவைத்து, பிறகு இரண்டு முதல் நான்கு நாள் வரையில் வெயிலில் உலர்த்தி, மண்ணைச் சலித்துத் தள்ளித் திருகையில் இட்டு உடைப்பார்கள். ஊறலால் தோலுக்கும் பருப்புக்கும் இடையிலுள்ள பசை இளகுகிறது. ஆகவே நொய் அதிகம் விழாமல் தோல் கழன்றுவிடுகிறது. உடைக்காமல் வைக்கிற துவரையிலோ, ஒட்டிய நுண்மண் வண்டு முட்டையிடுவதற்கு இடைஞ்சலாவதோடு, அதன் உடம்பின் மெழுகுப் பூச்சைத் தேய்த்து, உள்ளிருக்கும் ஈரத்தை இழக்கச் செய்து உலர்த்தியும் கொல்லுகிறது. மருந்தும் விஷமும் இன்றி, கூலி கொடுக்காத கைகளைக்கொண்டு செய்த இந்த உபாயத்தின் சாதுரியத்தை மறுக்க முடியாது.

ஆனால் அந்த வண்டு வீட்டில் பிறந்ததன்று. நிலத்தில் காய் முற்றும்போதே அதன்மேல் முட்டை ஒட்டிவிடுகிறது. பொரித்த புழு நேரே மணிக்குள் துளைத்துப் போய்விடுகிறது. பின்னர் வட்டமான துவாரம் செய்துகொண்டு வண்டாக வெளிவரும்போதுதான் நமக்குச் செய்தி எட்டுகிறது. வெளியே பூசிய மண் உள்ளே இருப்பதை என்ன செய்யும்? வெயிலின் சூடு கொஞ்சம் செய்யும், அவ்வளவே. செம்மண்ணுக்கு நாம் கட்டிய பட்டத்தில் பாதியைத் திருகைக்கும் கொடுப்பதே நியாயம். முழு மணிக்குள் குடியிருந்தே வளர வேண்டிய புழுவுக்கு, உடைத்த பருப்பில் இடம் போதாது. இன்னும் சில குறைகளும் உண்டு: இரண்டு நாள் மேகம் கவிந்தால் குவியல் முளைகட்டி நாறும், நனைத்து உடைத்த பருப்பு வேக அதிக நேரம் பிடிப்பதால், பருப்பில் மிச்சப்பட்டது விறகில் போகும், வியாபாரி கைக்குப் போனால், ஒட்டிய மண்ணும் பருப்பு விலைக்கே நிறுக்கப்படும். கொஞ்சம் பயறு மட்டும் வைத்திருக்கிற வீட்டுக்கு, கிலோவுக்கு 5 மில்லி சமையலெண்ணெயைப் புரட்டிவைப்பது இதைவிடச் சுலபம்; எண்ணெய் முட்டையின் மூச்சை அடைத்துவிடுகிறது. வேப்பிலை, நொச்சி ஆகியவற்றைக் காய்ந்த நிலையில் போடுவதில் பழுதில்லை. பச்சையாகப் போட்டால் ஈரத்தையும் கூடவே போட்டதாகும். வசம்பை மட்டும் விதைக்கென ஒதுக்கியதோடு நிறுத்துவது நலம். அதிலுள்ள அசரோனுக்கு அஞ்சி, அமெரிக்க அரசு 1968-இலேயே அதனை உணவில் சேர்க்கலாகாதென்று விலக்கியது.

குதிருக்குத் திரும்புவோம். மண் மூச்சுவிடும், அது கோடையில் குணம், ஐப்பசி அடைமழையில் தோஷம், ஏனெனில் உள்ளே வரும் காற்றோடு ஈரமும் வருகிறது. எலி அடியில் துளைக்கும். இக்குறைகளைக் கண்டே, 1960-களின் நடுவில் தொடங்கிய தானியப் பாதுகாப்பு இயக்கம் தகரக் குதிர்களை ஊக்குவித்தது. எலியைப் பொறுத்தவரையில் அது வெற்றியே. ஆனால் காயாத நெல்லைத் தகரத்தில் அடைத்தால், பகற்சூடும் இரவுக் குளிரும் மாறிமாறித் தாக்க, உள்ளீரம் எழுந்து மூடியின் அடியில் நீராய்ப் படிந்து மேல்நெல்லை முளைக்கச் செய்யும். பாத்திரம் மாறியதே தவிர, பல்லில் கடித்துப் பார்க்கும் சிரத்தையை யாரும் கூடவே கொடுக்கவில்லை. பழைய போர்வைகளும் கலியாணப் பாத்திரங்களும் வைக்கும் பெட்டியாக அதனைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். தில்லி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த பூசா குதிர் இவ்விரண்டினும் மேலான யோசனை: இரட்டை மண்கல் சுவருக்கு நடுவே பாலித்தீன் தாளை வைத்து, மண்ணின் மலிவையும் குளுமையையும் விடாமல் அதன் ஈரப் பசியை மட்டும் அடக்கினார்கள்.

இத்தனையும் குதிர் உள்ளவர்களின் கதை. அறுப்பு நாளில் மரக்காலால் கூலி அளந்துகொண்டு போய்ச் சில வாரங்களில் உண்டு தீர்த்தவர்களுக்குப் பாதுகாப்பு சாஸ்திரம் எதற்கு? 1952 அக்டோபர் 2-இல் 55 திட்டங்களோடு சமுதாய வளர்ச்சிப் பணி தொடங்கிய நாள் முதல், கிராமத்துக்குச் சென்ற நல்லுபதேசங்கள் பெரும்பாலும் நிலம் உடையவன் வாசலிலேயே நின்றன. 1996-97-இல் மத்திய அரசு கொணர்ந்த கிராமத் தானிய வங்கித் திட்டம் அக்குறையை நோக்கியது. பஞ்ச மாதத்தில் கடனாகத் தானியம் பெற்று, அறுப்புக்குப் பின் தானியமாகவே திருப்பும் ஏற்பாடு. உயர்ந்த எண்ணம். ஆனால் திருப்பிக் கொடுப்பவன், மனித சுபாவப்படி, தன்னிடமுள்ளதில் ஈரமும் பதரும் மிகுந்ததைக் கொடுக்கக்கூடும். அதை அளந்து வாங்குகிறவன் அண்டைவீட்டான் முகத்துக்கு அஞ்சிப் பல்லில் வைக்காமலே கொட்டிக்கொள்ளக்கூடும். அப்படி வந்த ஒரு மூட்டை மற்றவற்றையும் கெடுத்துவிடும். ஆச்சிக்கு அந்தத் தாட்சண்யம் இல்லை. மகன் காயவைத்த நெல்லையும் முகத்துக்கு நேரே திருப்பி அனுப்புவாள். அதிகாரமே அன்றிச் சம்பளம் கண்டறியாத அந்த வேலையைப் பொதுக் களஞ்சியத்தில் யார் செய்வது, என்ன கூலிக்கு என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டுப் பிறகு கட்டடத்துக்கு அஸ்திவாரம் போடலாம். பக்கத்தில் ஓர் உலர்களமும் வேண்டும். இப்போதைக்கு ஊர் நெல் தார்ச்சாலையில் காய்கிறது. லாரி வரும்போது ஒருவர் கையைக் காட்டி அதனை ஓரமாகப் போகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.