காலடிக் கணக்கு

டேப் டான்ஸ் பார்த்திருக்கிறீர்களா? டேப் ரெக்கார்டருக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் இதில் சம்பந்தம் இல்லை. இது தட்டுகிற டான்ஸ். ஷூவின் முன்னால் ஓர் உலோகத் தகடு, குதிகாலில் இன்னொன்று. மரத் தரையில் ஆடினால் ‘டக்கு டக்கு டக்கடா’ என்று தாளம் கேட்கும். ஆடுகிறவரே மிருதங்கக்காரர். பழைய ஹாலிவுட் படங்களில் கோட்டும் தொப்பியுமாக ஒல்லியாக ஒருத்தர் ஆடுவாரே, ஃப்ரெட் அஸ்டைர்... அந்த ஆட்டம்தான்.

இதற்கும் தர்மபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டிக்கும் என்ன? இருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

‘கலைப் பரிமாற்றம்’ என்கிற வார்த்தை இப்போது நன்றாக விலை போகிறது. வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ ஒரு நடனக் குழு வரும். குப்பத்திலோ கிராமத்திலோ ரெண்டு நாள் பயிலரங்கம் நடக்கும். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிறத்தில் டி-ஷர்ட். கடைசி நாள் அவர்கள் ஸ்டெப்பை நம் பிள்ளைகள் ஆடுவார்கள், நம் பறையை அவர்கள் ரெண்டு தட்டு தட்டுவார்கள். போட்டோ. மறுநாள் பேப்பரில் ‘கலைகள் கைகோத்தன’ என்று தலைப்பு. இப்படி ஒன்றிரண்டுக்கு நிருபராகப் போய் நானும் அதே தலைப்பில் செய்தி அனுப்பியவன்தான்.

நான் படித்தது பி.காம். பரதமும் ஜாஸும் சொல்லித் தராத ஒன்றை அங்கே சொல்லித் தந்தார்கள்: இரட்டைப் பதிவு. பெறுகிறவர் கணக்கில் பற்று, கொடுக்கிறவர் கணக்கில் வரவு. ஒரு பக்கம் மட்டும் எழுதினால் அது கணக்கே இல்லை, வெறும் துண்டுச் சீட்டு. பரிமாற்றம் என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே பேரேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றும். பழக்கதோஷம்.

டேப் டான்ஸின் பேரேட்டைப் புரட்டினால் முதல் பக்கமே ரத்தம். 1739-ல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றங்கரையில் கறுப்பின அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். முரசு கொட்டி ஆள் சேர்த்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய வெள்ளைக்காரத் துரைமார் 1740-ல் ஒரு சட்டம் போட்டார்கள்: அடிமைகள் முரசு வைத்திருக்கக் கூடாது, கொம்பு ஊதக் கூடாது. தோலைப் பிடுங்கலாம், தாளத்தைப் பிடுங்க முடியுமா? அது கைதட்டலில், தொடைத் தட்டலில், காலில் போய் உட்கார்ந்துகொண்டது. அடுத்த நூற்றாண்டில் நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் சேரியில் கறுப்பர்களும், பஞ்சம் பிழைக்க வந்த ஐரிஷ்காரர்களும் ஒண்டுக் குடித்தனம் இருந்தார்கள். ஐரிஷ்காரர்களுக்கும் கால் தட்டி ஆடுகிற ஆட்டம் உண்டு. பக்கத்து வீட்டுக் குழம்பு வாசனை மாதிரி ஒன்று மற்றதில் ஏறியது. அங்கே ‘மாஸ்டர் ஜூபா’ என்கிற வில்லியம் ஹென்றி லேன் ஆடியதை 1842-ல் சார்லஸ் டிக்கன்ஸ் பார்த்து அசந்துபோய் எழுதினார் என்பது வரலாறு.

அந்தச் சேரிக்கு ஒருத்தரும் புராஜெக்ட் எழுதி நிதி வாங்கித் தரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதுதான் நிஜமான கம்யூனிட்டி ஆர்ட்ஸ்!

வசூல் வந்ததும் கணக்கு மாறிவிட்டது. பில் ராபின்சன் என்று ஒரு மேதை. மாடிப்படியில் ஏறி இறங்கியபடியே ஆடுவார். ஒவ்வொரு படியும் ஒவ்வொரு சுரமாகப் பேசும். 1935-ல் ‘தி லிட்டில் கர்னல்’ படத்தில் ஷெர்லி டெம்பிள் என்கிற வெள்ளைக்காரக் குழந்தையோடு அந்தப் படிக்கட்டு ஆட்டத்தை ஆடினார். அவருக்குக் கிடைத்த வேடம் என்ன? வீட்டு வேலைக்காரர். அடுத்த வருடம் ‘ஸ்விங் டைம்’ படத்தில் ராபின்சனுக்கு மரியாதை செய்கிறேன் என்று ஃப்ரெட் அஸ்டைர் ஒரு நடனம் ஆடினார். முகத்தில் கறுப்புச் சாயம் பூசிக்கொண்டு! அஸ்டைர் கெட்டவர் இல்லை, ஆட்டமும் அற்புதம். ஆனால் காலைக் கடன் வாங்கியவர் தோலையும் வேஷமாக எடுத்துக்கொண்டார். லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்த ராபின்சன் 1949-ல் கையில் காசில்லாமல் செத்தார். சூதாட்டமும் வாரிக் கொடுக்கிற குணமும் அதில் பாதி. மீதியை ஹாலிவுட் கணக்கில் எழுதலாம்.

சரி, கலந்தாலே கெடுதல்தானா? இல்லை. 2004-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் நடந்த அமெரிக்கன் டான்ஸ் ஃபெஸ்டிவலில் ரெண்டு பேர் மேடைக்குப் பின்னால் சந்தித்தார்கள். ஒருவர் பண்டிட் சித்ரேஷ் தாஸ், கொல்கத்தாவில் பிறந்த கதக் கலைஞர், அறுபதைத் தொடுகிற வயது. மற்றவர் ஜேசன் சாமுவேல்ஸ் ஸ்மித், நியூயார்க் டேப் டான்சர், இருபதுகளில் இருந்த பையன். ஒருவர் காலில் சலங்கை, இன்னொருவர் காலில் தகடு. ஒருத்தர் ஒன்றைத் தட்ட, மற்றவர் திருப்பித் தட்ட... அந்த விளையாட்டு ‘இந்தியா ஜாஸ் ஸ்வீட்ஸ்’ என்கிற நிகழ்ச்சியாகி ஊர் ஊராகப் போனது. இவர்களைப் பற்றி ‘உபஜ்’ என்று ஓர் ஆவணப் படமும் வந்தது.

எனக்கு அதில் பிடித்தது ஒன்று உண்டு. யாரும் யார் வேஷத்தையும் போட்டுக்கொள்ளவில்லை. தாஸ் வெறுங்காலோடு, சலங்கையோடு. ஸ்மித் ஷூவோடு. ஒரு பக்கம் தபலா கோஷ்டி, இன்னொரு பக்கம் ஜாஸ் கோஷ்டி. முதலில் தனித்தனியாக ஆடித் தன் வீட்டைக் காட்டிவிட்டு, அப்புறம்தான் நடுவாசலில் சந்திக்கிறார்கள். இளையவர் மூத்தவரிடம் சிஷ்யனாகச் சேரவில்லை, மூத்தவர் இளையவரைப் பார்த்து மாடர்ன் ஆகவில்லை.

பிடிக்காததும் உண்டு. கேள்வி-பதில் ஆட்டத்துக்கு எப்போதும் ஒரு வியாதி. போகப் போக வேகப் போட்டியாகிவிடும். நம் தனி ஆவர்த்தனத்தில் பார்த்திருப்பீர்கள்; எவ்வளவு வேகமோ அவ்வளவு கைதட்டல். கதக் வெறும் கால் மட்டுமா? கண், கை, கதை சொல்லல் என்று பாதிக் கலை இருக்கிறதே. ஸ்மித்தோடு சேர்ந்து ஆடுகிற நேரத்தில் அந்தப் பாதி ஓரமாக உட்கார்ந்துவிடுகிறது. ரெண்டு பேருக்கும் பொதுவானதை மட்டுமே பேசினால், ரெண்டு பேருக்கும் சொந்தமானது ஊமையாகிவிடும். இருந்தாலும் இந்தக் கணக்கு நேர்மையான கணக்கு. தாஸ் 2015-ல் காலமாகும் வரை அந்தக் கணக்கை முடிக்கவில்லை. மேடையோடு நில்லாமல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகளுக்கும் அவர் கதக் சொல்லித் தர ஏற்பாடு செய்தார்.

இப்போது பாப்பாரப்பட்டிக்கு வாருங்கள். கால் என்றதும் இந்த ஊரில் முதலில் ஞாபகம் வர வேண்டியவர் சுப்பிரமணிய சிவா. சிறையில் வாங்கிய தொழுநோயைக் காரணம் காட்டி ரயிலில் ஏறக் கூடாது என்றது வெள்ளைக்கார அரசாங்கம். மனிதர் நடந்தார், ஊர் ஊராக நடந்தார். எல்லாச் சாதிக்காரர்களும் வந்து கும்பிடப் பாரத மாதாவுக்கு இங்கே ஓர் ஆலயம் என்று கனவு கண்டார். 1923-ல் அடிக்கல் நாட்ட வங்காளத்திலிருந்து வந்தவர் பெயர் சித்தரஞ்சன் தாஸ். (இந்தக் கட்டுரையில் இது ரெண்டாவது தாஸ். நான் தேடிப் போகவில்லை, தானாக வந்து மாட்டியது.) சிவா 1925 ஜூலை 23-ல் இதே ஊரில் இறந்தார்.

இந்த வட்டாரத்தின் ஆட்டம் தெருக்கூத்து. திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசியில் படுகளம். கட்டியங்காரன் வருவான், திரை பிடிப்பார்கள், துரியோதனன் திரைக்குப் பின்னாலிருந்தே பாடிக்கொண்டு வருவான். முகம் தெரிவதற்கு முன்னால் காதுக்குக் கிடைப்பது சலங்கை. தோளிலும் தலையிலும் கட்டை ஆபரணங்களைச் சுமந்துகொண்டு அந்த மனிதர் கிறுகிறுவென்று கிறுக்கி சுற்றுவதைப் பார்த்தால் உங்களுக்குத் தலை சுற்றும்.

இங்கே ஒரு டேப் டான்சரைக் கூட்டி வந்தால் என்ன ஆகும் என்று நான் யோசித்துப் பார்த்தேன். முதல் விஷயம், சத்தமே வராது! கூத்துக் களம் மண் தரை. நியூயார்க் ஷூ அதில் ‘புஸ்’ என்று அமுங்கிவிடும். டேப்பின் ஓசை ஷூவில் பாதி, தரையில் பாதி. கூத்துக்காரர் தன் ஓசையைக் கணுக்காலில் கட்டிக்கொண்டே நடக்கிறார்; வயலில் விட்டாலும் கேட்கும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பொய்க்கால் குதிரை வேண்டுமானால் டேப்புக்கு ஒன்றுவிட்ட தம்பி. மரக்காலைக் கட்டிக்கொண்டு ஆடும்போது அந்தக் கட்டை தரையில் படுகிற ஓசைதான் குதிரைக் குளம்பு. அதற்கும் தரை கெட்டியாக இருக்க வேண்டும்.

ஆக, விருந்தாளி இங்கே ஆட ஒரு மரப் பலகை வேண்டும். அதே கூத்துக்காரரைச் சென்னை சபாவுக்குக் கூட்டிப் போனால் என்ன நடக்கிறது? எட்டு மணி நேரக் கூத்தை இருபது நிமிடமாகச் சுருக்கச் சொல்கிறோம். மூணு பக்கமும் ஜனம் உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தை ஒரே திசை பார்த்து ஆடச் சொல்கிறோம். மைக்குக்கு முன்னால் நிற்கச் சொல்கிறோம். விருந்தாளிக்குப் பலகை போட மெனக்கெடுகிற நாம், நம்மாளுக்கு மண்ணைத் தூக்கிக்கொண்டு போக யோசித்தது உண்டா? 2007-ல் தொடங்கிய சென்னை சங்கமம் கிராமியக் கலைஞர்களைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டு வந்தது, ஏ.சி. ஹாலை விட அது எவ்வளவோ மேல். நடுவில் பல வருடம் நின்று 2023-ல் மறுபடி வந்தது. ஆனால் அது பொங்கல் நேரத்துச் சில நாள். தர்மபுரி வட்டாரத்தில் மழை ஏமாற்றினால் ஜனம் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு பஸ் ஏறும். கூத்துக்காரரின் வயிறு மட்டும் தனியா என்ன?

ஒன்றைப் பாராட்டியே ஆக வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபால் என்கிற கூத்துக் கலைஞரும், ஆராய்ச்சிக்காக வந்த நெதர்லாந்துப் பெண்மணி ஹன்னே டி ப்ருயினும் தம்பதியாகி 2002-ல் ஒரு கட்டைக்கூத்துக் குருகுலம் ஆரம்பித்தார்கள். பிள்ளைகளுக்குச் சோறு, பள்ளிப் படிப்பு, கூடவே கூத்து. ஆண்களே பெண் வேஷம் கட்டுகிற கலையில் பெண் பிள்ளைகளையும் ஆட வைத்தார்கள். 2017-ல் சங்கீதா சிவகுமாரும் டி.எம். கிருஷ்ணாவும் இவர்களோடு சேர்ந்து கர்னாடக சங்கீதத்தையும் கூத்தையும் ஒரே மேடையில் ஏற்றினார்கள். கச்சேரிக் குரலும் கூத்துக் குரலும் சாமானியமாக ஒட்டாது. அதனால்தான் அது ரெண்டு நாள் பயிலரங்கச் சமாச்சாரம் இல்லை. குருகுலம் 2020-ல் மூடப்பட்டது. பதினெட்டு வருடம். கூத்து தெரிந்த ஒரு தலைமுறை வெளியே வந்திருக்கிறது.

அடுத்த முறை உங்கள் ஊரில் ‘கலைப் பரிமாற்றம்’ பேனரைப் பார்த்தால் ரெண்டே ரெண்டு விஷயம் விசாரியுங்கள். வந்தவர் எத்தனை நாள் தங்கினார்? நம்ம ஊர் வாத்தியாருக்கும் வந்த வாத்தியாருக்கும் ஒரே சம்பளமா? விசாரித்தால் முறைப்பார்கள். பரவாயில்லை.

‘உபஜ்’ எங்காவது கிடைத்தால் பாருங்கள். அப்படியே, கோடையில் தர்மபுரிப் பக்கம் பாரதக் கூத்து போட்டிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பஸ் ஏறுங்கள். ஒன்பது மணி என்பார்கள், பத்துக்கு மேல்தான் மத்தளம் கேட்கும். உட்கார ஒரு ஜமக்காளம் கொண்டு போங்கள், மண் தரை.