கேட்கறதுக்கு யாரு இருக்கா?

ராத்திரி பதினோரு மணிக்கு சித்தப்பாவுக்கு நெஞ்சு வலி. ஊர்ப் பெயர் வேண்டாம். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு தாலுகா. அரசு ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டருக்கு என் பையன் வயசு. ஈ.ஸி.ஜி. எடுத்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, 'மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோயிடுங்க சார்' என்றார். அறுபது கிலோமீட்டர். சித்தப்பா பிழைத்தது அவர் ஆயுசு கெட்டி என்பதால்.

மறுவாரம் சண்டை போடுகிற உத்தேசத்துடன் அந்த டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் நிதானமாகச் சொன்னார்: 'ஹார்ட் அட்டாக்னு எனக்குத் தெரிஞ்சுது சார். ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசியும் இருந்தது. ஆனா போட்டு ஏதாவது ஆச்சுன்னா? ஒரு வார்த்தை கேட்கறதுக்கு யாரு இருக்கா?'

சண்டை போடாமல் திரும்பிவிட்டேன்.

இதே கேள்விக்கு அமெரிக்காவில் ஒருவர் பதில் சொல்லிப் பார்த்திருக்கிறார். நியூ மெக்ஸிகோ மாநிலம், பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஜனங்கள் சுமார் 21 லட்சம்தான். அப்போது ஹெபடைடிஸ் ஸி வந்தால் ஆல்புகர்க்கியில் இருக்கும் பல்கலைக்கழக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே கல்லீரல் நிபுணராக இருந்த டாக்டர் சஞ்சீவ் அரோரா (புனேயில் எம்.பி.பி.எஸ். படித்தவர்) 2003-ல் 'எக்கோ' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். ரொம்ப எளிய யோசனை. நோயாளி வர வேண்டாம். அவருடைய உள்ளூர் டாக்டர் வாரம் ஒருமுறை வீடியோவில் வந்து கேஸைச் சொல்லட்டும். நிபுணர்களும் மற்ற ஊர் டாக்டர்களும் சேர்ந்து விவாதிப்பார்கள். வைத்தியம் பார்ப்பது உள்ளூர் டாக்டர்தான்.

2011-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிஸின்' இதன் ரிசல்ட்டை வெளியிட்டது. மொத்தம் 407 நோயாளிகள். பல்கலைக்கழகத்தில் குணமானவர்கள் 57.5 சதவிகிதம். கிராமத்து கிளினிக்குகளிலும் சிறைச்சாலைகளிலும் 58.2.

கைதட்டுவதற்கு முன் இரண்டு விஷயம். ஒன்று, யாருக்கு எங்கே வைத்தியம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுச் செய்த ஆராய்ச்சி இல்லை இது. தானாக முன்வந்த ஆர்வமுள்ள டாக்டர்களை வைத்துச் செய்தது. ஆர்வமில்லாத டாக்டரை என்ன செய்வது என்பதற்கு இதில் பதில் இல்லை. இரண்டு, அப்போதைய மருந்து இன்டர்ஃபெரான் ஊசி. இன்றைக்கு சில மாத மாத்திரைகளிலேயே 90 சதவிகிதத்துக்கு மேல் குணமாகிவிடுகிறது. அந்த மருந்து பழசாகிவிட்டது. அந்த முறை பழசாகவில்லை.

நம்ம ஊரிலும் நடந்திருக்கிறது. மாரடைப்புக்காகத் தமிழ்நாட்டில் நான்கு பெரிய ஆஸ்பத்திரிகளை நடுவில் வைத்து, 35 சின்ன ஆஸ்பத்திரிகளை வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி இணைத்துப் பார்த்தார்கள். 2,420 நோயாளிகள். 2017-ல் வெளியான முடிவு சுவாரஸ்யமானது. ஆஸ்பத்திரியில் இருக்கும்போது நேர்ந்த மரணங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால், இணைப்புக்கு முன் 17.6 சதவிகிதம் இறந்திருந்தார்கள். இணைப்புக்குப் பின் 14.2. இதுவும் முன்-பின் ஒப்பீடுதான், முழு நிரூபணம் இல்லை. இருந்தாலும் நூற்றுக்கு மூன்று உயிர் என்பது சின்ன எண் இல்லை, அந்த மூன்றில் ஒன்று உங்கள் சித்தப்பாவாக இருந்தால்.

2022 ஜனவரியில் ஒரே நாளில் பதினோரு அரசு மருத்துவக் கல்லூரிகள் திறந்தோம். சந்தோஷம். இத்தனை சீட், இத்தனை படுக்கை, தினம் இத்தனை ஓ.பி. என்று எண்ணிக்கை சொல்கிறோம். கூட்டம் சேருவதைப் பெருமையாகச் சொல்வது சினிமாவுக்குச் சரி. கற்பிக்கிற ஆஸ்பத்திரிக்கு மாணவர்கள் வகுப்பறைக்குள் மட்டும் இல்லை. ஐம்பது கிலோமீட்டர் தள்ளி, ராத்திரி டியூட்டியில், கையில் ஈ.ஸி.ஜி.யுடன் தனியாக நிற்கிறவரும் அதன் மாணவர்தான். ஒரு கல்லூரி வந்த பிறகு சுற்றியுள்ள தாலுகா ஆஸ்பத்திரிகளில் எத்தனை பேருக்கு அங்கேயே ஊசி போடப்பட்டது, எத்தனை பேர் அநாவசியமாக ஆம்புலன்ஸ் ஏறவில்லை என்ற கணக்கை யாராவது கேட்க வேண்டும். அந்தக் கணக்கு சரியாக இல்லையென்றால், புதிய கல்லூரி சுற்று வட்டாரத்து நோயாளிகளை மட்டுமல்ல, டாக்டர்களையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிடும்.

சித்தப்பா இன்றைக்கும், 'என்னை மெடிக்கல் காலேஜ்ல வெச்சுப் பார்த்தாங்களாக்கும்' என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். உள்ளூரிலேயே முடிந்திருக்க வேண்டிய முதல் காரியம் என்று அவரிடம் சொல்ல மனசு வரவில்லை.