பூக்கோசும் கொடுங்கோலும்

“இட்லர் ஆட்சியைக் கைப்பற்றினான்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன, மாணவர்க்கென ஆக்கப்பட்ட வரலாற்று ஏடுகள் பல. கைப்பற்றினான்! மதிலேறிக் குதித்தானா? படைகொண்டு தலைநகரை வளைத்தானா? அப்படியொரு முயற்சியை 1923இல் மியூனிக் நகரில் செய்து பார்த்தான், தோற்றான், சிறைபுகுந்தான். பத்தாண்டு கழித்து, 1933 சனவரி 30ஆம் நாள், அவன் தலைமை அமைச்சனானது அழைப்பின்பேரில். அழைத்தவர் குடியரசுத் தலைவர் இண்டன்பர்க். அழைக்கும்படி தூது நடந்தவர் முன்னாள் தலைமை அமைச்சர் பாப்பன். கதவு உடைபடவில்லை, தோழர்களே! உள்ளிருந்து திறந்துவிடப்பட்டது.

இந்த உண்மையை மேடையேற்றத் துணிந்த நாடகம் ஒன்று உண்டு. செருமனியின் பெரும் நாடகாசிரியர் பெர்தோல்ட் பிரெக்ட், நாடிழந்து, நூல்கள் நெருப்பிலிடப்பட்டு, அமெரிக்கா செல்ல இசைவு வருமா என்று பின்லாந்தில் காத்துக்கிடந்த 1941இல் சில வாரங்களில் எழுதியது அது. ‘ஆர்த்துரோ ஊயியின் தடுக்கக்கூடிய எழுச்சி’ என்பது பெயர். ‘தடுக்கவொண்ணாத’ என்னும் சொல்தான் செருமன் மொழியில் பெருவழக்கு. அதன் தலையிலிருந்த எதிர்மறையைக் கிள்ளி எறிந்தார் ஆசிரியர். அந்தக் கிள்ளலில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. அதை மேடையில் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1956இல் அவர் மறைந்தார். 1958இல்தான் சுடுட்கார்ட் நகரில் அது முதன்முதலாக நடிக்கப்பட்டது.

கதை நடப்பது செருமனியில் அன்று, அமெரிக்காவின் சிகாகோவில். பூக்கோசு வணிகர்கள் கூட்டு நிறுவனம் அமைத்திருக்கிறார்கள். வாணிகம் படுத்துவிட்டது. நகரவைப் பணத்தைக் கடனாகப் பெறவேண்டும். அதற்குப் பெயர்பெற்ற முதியவர் டாக்ஸ்பரோவை வளைக்கவேண்டும். கப்பல் நிறுவனப் பங்கும் நாட்டுப்புற மாளிகையும் கொடுத்து வளைக்கிறார்கள். அந்த ஊழலை மோப்பம் பிடித்து, முதியவரை மிரட்டி மேலேறுகிறான் ஊயி என்னும் கொள்ளைக் கூட்டத் தலைவன். டாக்ஸ்பரோ யார்? இண்டன்பர்க்! அவருக்கு 1927இல் நொய்டெக் பண்ணை பரிசளிக்கப்பட்டதும், மரபுரிமை வரிக்கு அஞ்சி அது மகன் பெயரில் எழுதப்பட்டதும், கிழக்குப் பகுதிப் பெருநிலக்கிழார்களுக்கு அரசு கொட்டிக்கொடுத்த உதவிப் பணத்தில் நடந்த முறைகேடுகளும் நாடறிந்த செய்திகள். கோயரிங், கோயபெல்சு, ரோம் மூவருக்கும் வேடங்கள் உண்டு. ஆட்சிமன்றக் கட்டடம் எரிந்த வழக்கு, பண்டசாலை எரிந்த வழக்காகிறது. சிசெரோ என்னும் பக்கத்து ஊர் விழுங்கப்படுவதே ஆசுத்திரியா விழுங்கப்பட்ட கதை.

அறுசுவை உண்டிபோல் அமைந்த காட்சி ஒன்று. பிழைப்பற்ற பழைய நடிகன் ஒருவன் ஊயிக்கு ஆசானாகிறான். நடக்கக் கற்றுத்தருகிறான், நிற்கக் கற்றுத்தருகிறான், கையை எங்கே வைப்பது, நாற்காலியில் எப்படி அமர்வது என்றெல்லாம் பாடம். இறுதியாகப் பேச்சு. சேக்சுபியரின் சூலியசு சீசர் நாடகத்தில் அந்தோணி ஆற்றும் இரங்கலுரையே பாடநூல். தொடங்கும்போது மண்டபம் சிரிக்கும்: கோமாளி கால் பின்னி நடக்கிறான் அல்லவா? மெல்ல மெல்ல அந்தக் கோமாளி மறைகிறான். செய்திப்படங்களில் உலகம் பார்த்த அந்த விறைப்பும் கையசைவும் குரலேற்றமும் முன்வந்து நிற்கின்றன. சிரித்தவர் வாய் மூடிக்கொள்கிறது. இது வெறுங்கற்பனையுமன்று. இட்லர் தன் கையசைவுகளை ஒத்திகை பார்த்தபோது ஆப்மன் என்னும் ஒளிப்படக்காரர் எடுத்த படங்கள் இன்றும் உள்ளன. தெய்வ அருள், பிறவி மேதை, ஊழ் அனுப்பிய தலைவன் என்றெல்லாம் பாடப்பட்ட புகழின் அடியில் ஓர் ஒத்திகை அறை! மேடைப் பேச்சுக்கு மயங்கும் நாம் ஒவ்வொருவரும் இருமுறை பார்க்கவேண்டிய காட்சி இது.

இவ்வளவு போற்றிய பிறகு கேட்கிறோம்: தடுக்கக்கூடியதென்றால், தடுத்திருக்கக்கூடியவர் யார்?

நாடகத்தில் விடை தேடினோம், கிடைக்கவில்லை. மேடை முழுவதும் வணிகர், கயவர், விலைபோன முதியவர், அஞ்சி நடுங்கும் காய்கறிக் கடைக்காரர். உழைப்பாளர் எங்கே? வேலையற்ற ஒருவன், பொய் வழக்கில், மருந்தூட்டி மயக்கப்பட்டுக் கூண்டில் நிற்கிறான், பேச வாயில்லை. ஆனால் செருமனியின் உழைப்பாளர் அன்று வாயற்றிருந்தனரா?

எண்ணிப் பார்ப்போம். 1928இல் நாசிக் கட்சி பெற்றது 12 இடங்கள். பொருளாதார வீழ்ச்சி வந்தது; 1930இல் 107; 1932 சூலையில் 230! வேலையற்றோர் ஏறத்தாழ 60 இலட்சம். அதே ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் மீண்டும் தேர்தல். நாசிகள் இருபது இலட்சம் வாக்குகளை இழந்து 196 இடங்களுக்கு இறங்கினர். சமுதாய மக்களாட்சிக் கட்சிக்கு 121. பொதுவுடைமைக் கட்சிக்கு 100. கூட்டினால் 221! ஆட்சியமைக்க அது போதாது, உண்மை. தெருவிலும் தொழிற்சாலையிலும் தோளோடு தோள் நின்று வழிமறிக்கவும் போதாதா?

நிற்கவில்லை. சமுதாய மக்களாட்சியினரைச் ‘சமுதாயப் பாசிசவாதிகள்’ என்று ஏசும்படி மாசுகோவிலிருந்து கோட்பாடு வந்தது. செருமானியப் பொதுவுடைமையர் அதைத் தலைமேற்கொண்டனர். 1931 ஆகசுட்டில், பிரசிய மாநிலத்துச் சமுதாய மக்களாட்சி அரசைக் கவிழ்க்கும் பொதுவாக்கெடுப்பில், நாசிகள் நின்ற பக்கத்தில் அவர்களும் நின்றனர்! மற்றவர் மட்டும் மாற்றுக் குறையாதவரா? 1932இல் இண்டன்பர்க்கையே காவலரணென நம்பி வாக்குத் திரட்டினர். அதே ஆண்டு சூலை 20ஆம் நாள், அவர்களுடைய பிரசிய அரசைப் பாப்பன் ஒரே ஆணையால் நீக்கியபோது, வேலைநிறுத்தத்துக்கு அழைப்பு விடுக்கவில்லை. வழக்காடு மன்றம் சென்றனர்! 1933 மார்ச்சு 23இல், முழு அதிகாரத்தையும் இட்லர் கையில் ஒப்படைக்கும் சட்டத்தை 94 பேர் மட்டும் எதிர்த்தனர், அத்தனைபேரும் இக்கட்சியினரே. அதற்குள் பொதுவுடைமை உறுப்பினர் எவரும் அவைக்கு வரமுடியாத நிலை. ஒருவர்க்கொருவர் துணைநிற்க எஞ்சிய வேளை எது?

பிரெக்ட் இதனை அறியாதவரல்லர். காட்சிகளின் முடிவில் உண்மை வரலாற்றைச் சொல்லும் எழுத்துப் பலகைகளை வைத்திருக்கிறார். 1932 இலையுதிர் காலத்தில் நாசிக் கட்சி நொடித்துப்போகும் நிலையில் இருந்தது என்று ஒரு பலகையே சொல்கிறது. ஏன் நொடிந்தவன் எழுந்தான்? முதலாளி தூக்கிவிட்டான் என்கிறது நாடகம். அது பாதி விடை. மறுபாதி அவர் சார்ந்துநின்ற பொதுவுடைமை அணியையும் சுடும். ஆதலால் பலகை பேசவில்லை என்றே கருதுகிறோம். பகைவன் பிழையைப் பாட பாவலன் வேண்டுமோ? தன் பாசறைப் பிழையைப் பாடுவதற்கன்றோ துணிவு வேண்டும்!

இன்னொரு வெற்றிடமும் உறுத்துகிறது. யூதர் மீதான வெறுப்புக்கு இந்நாடகத்தில் இடமே இல்லை. 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் யூதரின் குடியுரிமையைப் பறித்தன. 1938 நவம்பரில் அவர்தம் தொழுகைக் கூடங்கள் எரிந்தன. 1941இல் எழுதியவர்க்கு இவை தெரியாதனவல்ல. பிறப்பால் ஒருவனை இழிந்தவனாக்கும் வெறி, கொள்ளைக் கூட்டக் கதைக்குள் அடங்காது. பூக்கோசு விலையால் மட்டும் அதை அளக்கமுடியாது. காசுக்காகக் கொல்பவன் காசு கிடைத்ததும் நிறுத்துவான். குருதித் தூய்மை பேசிக் கொல்பவன் எங்கே நிறுத்துவான்?

இக்குறைகளுக்காக நாடகத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. நடிகன் பாடம் சொல்லும் காட்சி ஒன்றுக்காகவே இதை ஊர்தோறும் ஆடலாம். ஆடுவோர், பலகைகளின் வரிசையில் நவம்பர் 6ஆம் நாளின் மூன்று எண்களையும் எழுதி வைக்கட்டும்.

அவ்விரு கட்சித் தலைவர்கள் இருவரின் முடிவையும் எழுதலாம். பொதுவுடைமைத் தலைவர் தேல்மன் 1933 மார்ச்சில் பிடிபட்டார். சமுதாய மக்களாட்சித் தலைவருள் ஒருவரான பிரைட்சைடு பிரான்சுக்குத் தப்பியோடினார். 1941இல் அங்கே பிடித்துக் கொடுக்கப்பட்டார். தேல்மன் சுட்டுக்கொல்லப்பட்டது 1944 ஆகசுடு 18ஆம் நாள், பூக்கன்வால்டு முகாமில். பிரைட்சைடு விமானக் குண்டுவீச்சில் மாண்டது ஆறு நாள் கழித்து, அதே பூக்கன்வால்டு முகாமில். இருவரும் அக்குண்டுவீச்சிலேயே இறந்தனர் என்று சேர்த்து அறிவித்தது நாசி அரசு.