தாத்தாவின் ரீலும் பாலிஷ் சக்கரமும்

கொஞ்ச நாளாகப் பழைய ஃப்ளை ஃபிஷிங் ரீல்களைப் புதுப்பிக்கிற வேலையைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஃப்ளை ஃபிஷிங் தெரியாதவர்களுக்காக: இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சி மாதிரி செய்து, அதைக் காட்டி டிரவுட், சால்மன் மீன்களைப் பிடிக்கிற முறை அது. தூண்டில் நூலைச் சுற்றி வைக்கிற வட்டமான கருவிதான் ரீல்.

இந்த வேலைகளில் அடிக்கடி வருகிற கதை ஒன்று உண்டு. தாத்தாவோட ரீல் பரணில் கிடைக்கும். பேரன் அதைப் பிரித்துச் சுத்தம் செய்து, கண்ணாடி மாதிரி பாலிஷ் போடுவார். அதன்மேல் கொடி, இலை, தாத்தாவின் இனிஷியல் எல்லாம் கையால் செதுக்க வைப்பார். பார்க்க அழகாத்தான் இருக்கு. ஆனாலும் எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல்.

ஹார்டி பெர்ஃபெக்ட் ரீலையே எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் வடக்கே ஆல்ன்விக் ஊரில் (உச்சரிப்பு ‘அன்னிக்’) 1872-ல் துப்பாக்கி வேலையோடு ஆரம்பித்த ஹார்டி குடும்பம், 1891-ல் கொண்டுவந்த ரீல் இது. உள்ளே ஸ்பூல் பால் பேரிங் மேல் சுற்றும். நூல் தாறுமாறாக ஓடாமல் இருக்க, ஒரு சின்ன நகம் ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் பல்சக்கரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும். மீன் இழுக்கும்போது வருகிற அந்தக் ‘கிர்ர்ர்’ சத்தம் இதிலிருந்துதான்.

இறுகிப்போன பழைய கிரீஸை எடுப்பது, ஸ்பிரிங் உடைந்திருந்தால் மாற்றுவது, இதிலெல்லாம் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. தாத்தா கேட்ட சத்தத்தைப் பேரனும் கேட்பான். புதுப்பித்தல்னா எனக்கு அதுதான்.

சிக்கல் பாலிஷில் ஆரம்பிக்கிறது. அலாய் ரீல்களுக்கு ஹார்டி ஈயநிறத்தில் ஒரு கருத்த பூச்சு கொடுத்தார்கள். பல வருஷம் கை பட்ட இடங்களில் அது தேய்ந்து வெள்ளை உலோகம் தெரியும். ரீலைத் தூண்டில் கம்பில் பொருத்துகிற அடித்தகட்டைச் சிலர் தங்கள் கம்புக்குத் தோதாக அரத்தால் ராவி வைத்திருப்பார்கள். சேகரிப்பாளர்களுக்கு இரண்டுமே குறை, விலை இறங்கும். ஆனால் குடும்பத்துக்கு? ஒரே மாதிரி நிறைய ரீல்கள் அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தன. இது தாத்தாவுடையது என்று சொல்ல அந்தத் தேய்மானத்தையும் அரம் பட்ட தழும்பையும் விட்டால் வேறென்ன இருக்கு? பாலிஷ் சக்கரம் முதலில் அழிப்பது அதைத்தான். உள்பக்கம் பார்த்தால், ரீலைச் செய்த தொழிலாளி தன் இனிஷியலைக் குத்தி வைத்திருப்பார். அதுவும் ஒரு கையெழுத்துதானே!

அடுத்து செதுக்கல். சிற்றுளி உலோகத்தைக் கீறி வெளியே எடுக்கிறது. பெயின்ட் மாதிரி பிறகு துடைக்க முடியாது. பித்தளை சுத்தமாக வெட்டுப்படும். அலுமினிய அலாய் பிசின் மாதிரி உளிமுனையில் ஒட்டும், கோடு பிசிறடிக்கும். எங்க தொழிலில் தப்பு செய்தால் பழைய வெர்ஷனுக்குத் திரும்பிப் போகலாம். உலோகத்தில் அந்த வசதி கிடையாது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. எங்க ஆச்சியின் பித்தளைச் செம்பில், நம்ம வீடுகளில் வழக்கமாகச் செய்வது போல, புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் பளபளப்பாக இருக்கட்டுமே என்று நான்தான் பாலிஷுக்குக் கொடுத்தேன். தங்கம் மாதிரி திரும்பி வந்தது. பேரில் பாதி எழுத்தைக் காணோம். அப்பா எதுவும் சொல்லவில்லை. அந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார்.

எதிர்வாதமும் நியாயமானதுதான். ரீல் மியூசியப் பொருள் இல்லை. பேரனும் தன் பங்குக்கு ஒரு அடையாளம் விட ஆசைப்படுவான். ஆச்சி செம்பில் இருந்ததும் யாரோ வெட்டிய பேர்தானே? சரிதான். ஆனால் அது வெறும் உலோகத்தில் வெட்டிய பேர், எதையும் அழித்துவிட்டு வெட்டியதில்லை. என் விமர்சனம் இவ்வளவுதான்: செதுக்குவது தப்பில்லை, அதற்கு இடம் பண்ணுவதற்காக முன்னால் இருந்ததைச் சுரண்டி எடுப்பதுதான் தப்பு.

அப்போ என்ன செய்யலாம்? முதலில் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்க. ரீலை ஓட வையுங்க. பூச்சைத் தொடாதீங்க. பேர் வெட்டணும்னா ஒரு சின்னப் பித்தளைத் தகட்டில் வெட்டி, ரீல் வைக்கிற தோல் பெட்டியின் மூடியில் பதியலாம். கொடியும் இலையும்தான் வேணும்னா, புது ரீல் ஒன்று வாங்கி ஆசைதீரச் செதுக்குங்க. அது உங்க பேரனுக்குப் போகட்டும்.

வேலை முடிந்ததும் ஒரு சின்னச் சோதனை. தாத்தா இன்று இருந்து, கண்ணை மூடிக்கொண்டு அந்த ரீலைக் கையில் வாங்கிச் சுற்றினால், “இது என்னோடதுதான்”னு சொல்வாரா? சொல்வார்னா வேலை நல்ல வேலை.